இருநூற்றெண்பது பற்கள்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கச் சந்தில் பதினாறுக்குப் பன்னிரண்டடியில் ஒரு தகரக் கொட்டகை. இன்றைக்கு அது பதினோரு பேர் வேலை செய்கிற பட்டறை. ஆவடியில் ஓர் ஏலத்தில் அடிப்பாகம் கோணிப்போய்க் கிடந்த ஒரு மில்லிங் மெஷின், இரும்பில் பல் வெட்டுகிற இயந்திரம். பார்த்தவர்கள் எல்லாம் எடைக்குப் போடச் சொன்னார்கள், நான் ஒன்றரை மாதம் தேய்த்துத் தேய்த்தே அதைச் சமமாக்கினேன், இன்றும் ஓடுகிறது. மேனாம்பேட்டில் மூன்று மாடி வீடு. அந்தத் தெருவில் தண்ணீர் போக வழி இல்லாதபோது, யாரையும் கேட்காமல் நானே செங்கல் இறக்கிக் கட்டிய கால்வாய். ஒரு பெருமழையில் பட்டறைக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது. எல்லா மோட்டார்களையும் கழற்றி, மொட்டை மாடியில் வடகம் காய வைப்பதுபோல் காய வைத்து, பத்தாம் நாள் வேலையைத் தொடங்கியவன் நான். என் இரண்டு பெண்களும் இன்ஜினியர்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் படித்தது ஐந்தாவது வரை.

இவை அனைத்தையும்விடப் பெரிதாக ஒன்றைச் செய்தேன். அதைத் தப்பாகச் செய்தேன். தப்பாகச் செய்ததால்தான் அது பெரிதாயிற்று. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் தொழில் பல்சக்கரம் வெட்டுவது. மாவு மில்லுக்கு, செங்கல் சூளைக்கு, கரும்பு பிழியும் வண்டிக்கு, தேய்ந்துபோன சக்கரத்தைக் கொண்டுவந்து போடுவார்கள். அதே மாதிரி புதிதாக வெட்டிக் கொடுப்போம். வட்டமான இரும்பை எத்தனை பல்லாகப் பங்கு போடுவது என்பதுதான் வேலையின் உயிர். அதற்கு டிவைடிங் ஹெட் என்று ஒன்று உண்டு. அதன் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் இரும்பு ஒரே ஒரு சுற்று சுற்றும். அறுபது பல் வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை மூன்றில் இரண்டு சுற்று தள்ள வேண்டும். மூன்றில் இரண்டைக் கண்ணால் அளக்க முடியாது. அதனால் பக்கத்திலேயே வட்டம் வட்டமாகத் துளை போட்ட தட்டு ஒன்று இருக்கும். அதில் பதினெட்டுத் துளை வட்டத்தில் பன்னிரண்டு துளை தாண்டிக் கைப்பிடியின் ஊசியைக் குத்தினால் கச்சிதமாக மூன்றில் இரண்டு.

கம்பெனியிலிருந்து வரும்போது இந்தத் தட்டுகள் மூன்று இருக்கும். நான் ஏலத்தில் எடுத்த மெஷினோடு இரண்டுதான் வந்தன. மூன்றாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இருந்த இரண்டை வைத்தே நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன். எப்படி என்றால், எண்ணை உடைத்துத்தான். எந்த எண்ணைச் சொன்னாலும் அது எதெதால் உடையும் என்று எனக்கு உடனே தெரியும். ஐம்பத்து நான்கா, இரண்டு இருபத்தேழு. இருபத்தேழு துளை வட்டம் என்னிடம் இருக்கிறது, வெட்டலாம். ஐம்பத்து மூன்றா, அது உடையாது. எங்கள் பட்டறையில் அதற்குப் பெயரே உடையாத நம்பர். அதற்கென்று ஐம்பத்து மூன்று துளை உள்ள தட்டு இருந்தால்தான் வெட்ட முடியும்.

உடையாத நம்பர் வந்தால் என்ன செய்வோம்? பக்கத்து நம்பர் போடுவோம். மாவு மில் சக்கரத்தில் ஐம்பத்து மூன்றுக்குப் பதில் ஐம்பத்து நான்கு பல் இருந்தால் அரிசி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வேகம் ஒரு துளி மாறும், அவ்வளவுதான். நாற்பது வருடத்தில் என் சக்கரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை நான் பெருமையாகச் சொல்வேன், இன்றும் சொல்வேன்.

போன வருடம் ஒரு நாள் காலையில் ஸ்கூட்டரில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். நாகர்கோவில் பக்கம். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் புதிதாக வந்த அடுக்குமாடியில் குடியிருக்கிறார். திருமழிசை தாண்டி ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் "அண்ணாச்சி" என்றார். எங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

என் மச்சான், என் மனைவியின் தம்பி, மில்லிங் மெஷினில் நின்றிருந்தவன், திரும்பிப் பார்த்தான். முப்பத்தைந்து வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். என்னைக் கேலி செய்வதுதான் அவனுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிற போனஸ்.

"மாமே, அரை கிலோ தொவரம்பருப்பு கட்டிக் குடு, அண்ணாச்சின்னு கூப்டுறாங்கோ."

டீச்சரம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ஆறு சக்கரம், ஒன்றோடொன்று கடித்தபடி ஒரே வரிசையில். கண்ணாடி போட்ட மரப்பெட்டி. முதல் சக்கரத்தில் ஒரு கைப்பிடி. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. தொடங்கும்போது ஆறு புள்ளிகளும் மேலே பார்த்து நிற்க வேண்டும். பல் எண்ணிக்கை கீழே எழுதியிருந்தது: 37, 41, 43, 47, 53, 59.

ஆறும் உடையாத நம்பர். மூன்றாவது தட்டு இல்லாதவன் பட்டறைக்கு அப்படி ஒரு தாள் வந்தது.

"இன்னா வேகத்துல ஓடணும்மா இது?" என்று கேட்டேன்.

"வேகம் முக்கியமே இல்ல அண்ணாச்சி. கையாலதான் சுத்தப் போறோம். பெட்டி ஏற்கெனவே செஞ்சாச்சு, அதுக்குள்ள கரெக்டா அடங்கணும். அதுதான் முக்கியம்."

வேகம் முக்கியமில்லை என்று ஒருவர் சொன்னால் எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பக்கத்து நம்பர் போட்டுக்கொள். பல் எத்தனை என்பது வேகத்துக்காகத்தானே? அவர் எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிதான் முக்கியம் என்றார், பெட்டியைப் பார்த்தேன். வரிசையில் நிற்கிற சக்கரங்களின் மொத்த நீளம் மொத்தப் பல்லைப் பொறுத்தது. அவர் கொடுத்த ஆறையும் கூட்டினேன். இருநூற்றெண்பது. சின்னது மூன்றிலும் ஒவ்வொரு பல் குறைத்தேன்: 36, 40, 42. பெரியது மூன்றிலும் ஒவ்வொரு பல் கூட்டினேன்: 48, 54, 60. கூட்டினால் அதே இருநூற்றெண்பது. பெட்டிக்குள் நூல் பிசகாமல் அடங்கும். ஆறும் என் இரண்டு தட்டில் வெட்டக்கூடிய எண்கள். இதை மனக்கணக்காகவே, அவர் ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் போட்டுவிட்டேன். எந்தப் படித்த இன்ஜினியரைக் கேட்டாலும் அன்று முழுக்க உட்கார்ந்திருப்பான்.

இரண்டு வாரம் கழித்து டீச்சரம்மா எடுத்துப் போக வந்தார். லோடு ஆட்டோ வாசலில் நின்றது. கையில் ஒரு பித்தளைத் தகடு. பெட்டியின் நெற்றியில் திருகிவிடச் சொன்னார். அதில் எழுத்துப் பொறித்திருந்தது: இந்த ஆறு புள்ளிகளும் மறுபடி ஒன்றாக மேலே வருவதற்குக் கைப்பிடியை 25,91,06,347 முறை சுற்ற வேண்டும்.

"இருபத்தஞ்சு கோடியா?" என்றேன்.

"இருபத்தஞ்சு கோடியே தொண்ணூத்தோரு லட்சத்து ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பத்தேழு. நொடிக்கு ஒரு சுத்துன்னு வச்சுக்கிட்டா, தூங்காம சாப்பிடாம சுத்தினாலும் எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். எங்க பிள்ளைங்க படிச்சு முடிச்சு வேலைக்குப் போனப்புறமும் புள்ளி சேராது. இத்தனூண்டு பெட்டிக்குள்ள எட்டு வருஷம் இருக்கு பாத்துக்கிடுங்க." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. சாமி சன்னதியில் திரை விலகும்போது சிலர் முகம் அப்படி ஆகும்.

அவர்கள் கல்லூரித் துறைத் தலைவருக்கு இதில் இஷ்டமில்லையாம். சக்கரம் சுற்றுவது குழந்தை விளையாட்டு என்றாராம். டீச்சரம்மா சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தார். பன்னிரண்டு நாளில் திறப்பு விழா. அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

டீ வந்தது. என் மச்சானுக்கு டீயைவிடச் சக்கரம் பிடித்தது. ஆறு புள்ளிகளையும் மேலே நிறுத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். நாங்கள் இருவரும் வாசலில் நின்று பேசினோம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், தண்ணீர் லாரி நேரத்துக்கு வருகிறதா என்று. இரண்டாவது டீயும் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமே! எட்டு வருசம் ஆயிடுச்சு!"

"இன்னாடா?"

"புள்ளி சேந்துடுச்சு. வந்து பாரு. நானூத்தி இருவது சுத்து."

மில்லிங் மெஷினில் நின்றவனுக்கு எண்ணுவது மூச்சு மாதிரி. ஒரு பல் எண்ண விட்டால் சக்கரமே வீண். அவன் நானூற்றிருபது என்றால் நானூற்றிருபதுதான்.

டீச்சரம்மா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். "இருக்கவே முடியாதே" என்றார். பெட்டியின் முன் குனிந்தார். ஆறு சிவப்புப் புள்ளிகளும் மேலே, வரிசையாக, அணிவகுப்பில் நிற்பதுபோல் நின்றன. அவர் விரலை வைத்து முதல் சக்கரத்தின் பல்லை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"முப்பத்தாறு இருக்கு."

"ஆமா. முப்பத்தேழு ஒடையாத நம்பரும்மா. பக்கத்து நம்பர் போட்டுக்கீறேன். ஆறுலயும் மாத்திட்டேன். பாத்தீங்களா, ஒரு நூல் பெசகாம பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு கீது."

நான் பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் அங்கிருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டார், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல். "அந்த எண்ணுதான் அண்ணாச்சி எல்லாமே. வேகம் இல்ல, பெட்டி இல்ல, அந்த எண்ணு" என்றார். பித்தளைத் தகட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டார். "நான் என்ன சொல்லி நிப்பேன் அவங்க முன்னால?"

லோடு ஆட்டோ வெறுமனே போயிற்று. நாற்பது வருடத்தில் முதல் முறையாக என் சக்கரம் என்னிடமே நின்றுவிட்டது.

"மாமே, தகட்டுல எண்ணை மாத்திக்கோங்க, பல்லை மாத்த வேணாம்னு சொல்லிருக்கலாமே" என்றான் மச்சான்.

"வாய மூடு" என்றேன்.

எனக்கு அவமானத்தைவிட இன்னொன்று பெரிதாக இருந்தது. ஒன்று கூட்டி, ஒன்று குறைத்தேன். மொத்தம் அதே இருநூற்றெண்பது பல். பெட்டி அதே, இரும்பு அதே. எட்டு வருடம் எப்படி ஏழு நிமிடமாயிற்று? எங்கே போயிற்று அவ்வளவு காலம்?

மறுநாள் காலை பழைய சக்கரக் குவியலைக் கிளறினேன். இருபது பல் சக்கரம் ஒன்று, முப்பது பல் ஒன்று, முப்பத்தொரு பல் ஒன்று. முப்பத்தொன்றும் உடையாத நம்பர்தான், ஆனால் அதற்கு என் தட்டில் வட்டம் உண்டு. சாக்பீஸில் புள்ளி வைத்தேன். இருபதை முப்பதோடு கோத்துச் சுற்றினேன். மூன்றே சுற்றில் புள்ளிகள் சேர்ந்துவிட்டன. முப்பதை எடுத்துவிட்டு முப்பத்தொன்றைக் கோத்தேன். சுற்றினேன், சுற்றினேன், முப்பத்தொன்றாவது சுற்றில்தான் சேர்ந்தன. ஒரே ஒரு பல்தான் கூடுதல். மூன்று எங்கே, முப்பத்தொன்று எங்கே!

தரையில் உட்கார்ந்து யோசித்தேன். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் பத்து என்று ஒரு சொந்தம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் அடிக்கடி ஒரே கல்யாணத்தில் சந்தித்துக்கொள்வார்கள். இருபதுக்கும் முப்பத்தொன்றுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஒரு முறை பார்த்து முடிக்கும்வரை அவை சேராது. என் ஆறு எண்களும் ஒரே குடும்பம். முப்பத்தாறும் நாற்பத்தெட்டும் அறுபதும் பன்னிரண்டின் பிள்ளைகள். டீச்சரம்மாவின் ஆறும் ஒன்றுக்கொன்று முகமே தெரியாதவை. அவற்றைச் சேர்க்க ஆறையும் ஒன்றோடொன்று பெருக்கியே தீர வேண்டும், குறுக்குவழியே கிடையாது. பெருக்கினேன். செல்போனில்தான், ஒளிப்பதற்கில்லை. தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு கோடியே அறுபத்தொன்பது லட்சத்து முப்பத்து நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது பல் நகர வேண்டும். அதை முதல் சக்கரத்தின் முப்பத்தேழால் வகுத்தால் தகட்டில் இருந்த அந்த இருபத்தைந்து கோடி.

உடையாத நம்பரை நாற்பது வருடம் தொந்தரவு என்று நினைத்து ஒதுக்கினவன் நான். அன்று பட்டறைத் தரையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சரி, வெட்ட வேண்டும். தட்டு இல்லை. புதிதாக வாங்கலாம் என்றான் மச்சான். கடையில் கேட்டால் வர ஒரு மாதம் என்றார்கள். பெட்டியில் பொருத்தி, கல்லூரிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற நாட்கள் போக ஏழு நாள்தான் எனக்கு இருந்தது. தட்டை நானே செய்தேன்.

ஐம்பத்தொன்பது துளை எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன், யாராவது தெரிந்துகொள்ளட்டும். மெல்லிய தகட்டுப் பட்டையில் மெஷினின் அளவுகோலை வைத்து ஐம்பத்தொன்பது சமமான கோடுகள். பட்டையின் நீளத்துக்குச் சரியாக ஓர் இரும்பு உருளையைக் கடைந்து அதன்மேல் பட்டையைச் சுற்றினேன். முனையும் முனையும் முத்தமிடுவதுபோல் சேரும்வரை உருளையைச் சீவிக்கொண்டே வந்தேன். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு துளை. அதில் மயிரிழை தப்பு இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தட்டை டிவைடிங் ஹெட்டில் மாட்டினால், கைப்பிடியின் நாற்பது சுற்று இரும்பின் ஒரு சுற்று அல்லவா, தட்டில் இருக்கிற தப்பு இரும்பில் நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இப்படியே ஆறு வட்டம் போட்டேன்.

ஐம்பத்தொன்பதை வெட்டும்போது ஒவ்வொரு பல்லுக்கும் நாற்பது துளை தாண்ட வேண்டும். நாற்பது, அடுத்து இன்னொரு நாற்பது என்று வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தாண்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் ஊசி குத்துகிற துளையில் மச்சான் ஒரு பென்சில் கோடு போட்டான்.

பாதியில் நிறுத்தி, "மாமே, ஒண்ணு பாத்தியா?" என்றான். "ஒரு ஓட்டையிலகூட ரெண்டாவது தபா குத்தவேல்ல நீ."

வெட்டி முடித்துவிட்டுப் பார்த்தோம். ஐம்பத்தொன்பது துளைக்கும் ஒவ்வொரு கோடு. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் இரண்டு முறை தொடவில்லை. நாற்பது நாற்பதாக, முரட்டுத்தனமாகத் தாண்டிப் போனது, கல்யாணப் பத்திரிகைத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஒரு வீடு விடாமல் போய் வந்ததுபோல் போய் வந்திருக்கிறது.

எனக்குச் சட்டென்று பழைய தட்டு நினைவுக்கு வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் பட்டறையில் அதிகம் வெட்டுவது அறுபது பல்தான். அதற்காகப் பதினெட்டுத் துளை வட்டத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தாண்டுவோம். அந்த வட்டத்தில் மூன்று துளைகள் மட்டும் தேய்ந்து, வாய் அகன்று, வெள்ளி மாதிரி பளபளக்கின்றன. மற்றவை அவ்வளவு தேயவில்லை. இதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், ஏதோ மட்டமான இரும்பு என்று கம்பெனியைத் திட்டியிருக்கிறேன். இரும்பில் குறையில்லை. பதினெட்டும் பன்னிரண்டும் சொந்தம். அதனால் மூன்று வாசலுக்கே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. ஐம்பத்தொன்பதுக்கு யாரோடும் சொந்தமில்லை, அதனால் எல்லா வாசலுக்கும் போகிறது. என் கையாலேயே நாற்பது வருடம் இரும்பில் எழுதி வைத்ததை நான் அன்றைக்குத்தான் படித்தேன்.

மச்சான் வழக்கம்போல் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். அவன் தட்டை வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான். "யார் மாமே இப்டி வெச்சது?" என்றான்.

ஆறு நாளில் வேலை முடிந்தது. ஏழாம் நாள் டீச்சரம்மாவை வரச் சொன்னேன். வந்தார், பல்லை எண்ணினார், ஆறையும் எண்ணினார், நம்பிக்கை போய்விட்டது பாருங்கள். எல்லாம் சரி. பெருமூச்சு விட்டார். பிறகுதான் மூலையில் நின்ற பழைய வரிசையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் அன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உங்க ஆறும் பதினஞ்சாயிரத்து நூத்தி இருவது பல்லுல சேருது. அதை முப்பத்தாறால வகுத்தாதான் அந்த நானூத்தி இருவது."

"தெரியும், நானும் போட்டேன்."

"இது தெரியுமா? பதினஞ்சாயிரத்து நூத்தி இருவதை மீதியே இல்லாம வகுக்கிற எண்ணு எத்தனைன்னு தெரியுமா? எண்பது. அதைவிடச் சின்னதா இருக்கிற எந்த எண்ணுக்கும் எண்பது கிடையாது. ஒண்ணுக்குக்கூடக் கிடையாது. நீங்க பெட்டிக்கு அளவெடுக்கப் போயி, அந்த எண்ணுல போய் நின்னுருக்கீங்க."

நான் நம்பவில்லை. அவர் போன பிறகு மச்சானும் நானும் உட்கார்ந்து வகுத்தோம். ஒன்று முதல் பத்து வரை ஒன்றுகூட மீதி வைக்கவில்லை. பதினொன்று மாட்டவில்லை, பன்னிரண்டு மாட்டியது. நானூற்று முப்பத்திரண்டு, ஐந்நூற்று நாற்பது என்று மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. எண்பது வந்து நின்றது. பிறகு டீச்சரம்மாவின் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு கோடியை எடுத்தோம். இரண்டா, இல்லை. மூன்றா, இல்லை. முப்பத்தாறு வரைக்கும் எதற்கும் அசையவில்லை. அவ்வளவு பெரிய மலை, முப்பத்தேழைத் தொடும்வரை ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. பக்கத்திலேயே என் பதினைந்தாயிரம், சின்னக் குன்று, அதற்கு எண்பது வாசல். இரண்டுக்கும் மொத்தம் இருநூற்றெண்பது பல்தான். ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது என் யோசனை. வேறு யாருடையதும் அல்ல, என் மச்சான் சாட்சி. உடனே டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பழைய வரிசைய இங்கியே உட்டுடாதீங்க. இதே நீளத்துக்கு இன்னொரு பொட்டி செய்யச் சொல்லுங்க. அதை மேல வைங்க, உங்களுத கீழ வைங்க. மேல சுத்துனா ஒரு டீ குடிக்கறதுக்குள்ள சேரும். கீழ சுத்துனா எட்டு வருசம். பல்ல எண்ணிப் பாத்தா ரெண்டும் ஒண்ணு. அத்தப் பாத்தாத்தான் ஜனங்களுக்குப் புரியும். எட்டு வருசத்த மட்டும் காட்டுனா நம்ப மாட்டாங்க, யாரு சுத்திப் பாக்கப் போறான்?"

"அண்ணாச்சி, இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார்.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் தாண்டிப் போய், வெள்ளை வேட்டி சட்டையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மச்சான், முதன்முறையாகச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு. இரண்டு பெட்டிகளும் மேலும் கீழுமாகப் பளபளத்தன. சிறப்பு விருந்தினர் மேல் கைப்பிடியைச் சுற்றினார், பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். நானூற்றிருபது என்றதும் ஆறு புள்ளிகளும் மேலே வந்தன. கைதட்டல் கூரையைத் தூக்கியது. கீழ்ப் பெட்டியையும் அதே அளவு சுற்றினார். புள்ளிகள் திக்குக்கு ஒன்றாகச் சிதறி நின்றன. அரங்கம் அப்படியே அமைதியானது. அந்த அமைதி எனக்குத் தெரியும். எங்கள் பட்டறைத் தரையில் நான் உட்கார்ந்திருந்த அமைதி.

விருந்தினர் கேட்டார்: "மேல் வரிசைக்கு இந்த ஆறு எண்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? கூட்டுத்தொகையும் சமம், சேர்கிற எண்ணுக்கு எண்பது வகுத்திகள் வேறு. அபூர்வமான தேர்வு."

துறைத் தலைவர் ஒலிபெருக்கியை வாங்கினார். "துறையில் பல எண்களை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தோம்" என்றார்.

"மாமே, இன்னா சொல்றாரு இவரு?" என்று மச்சான் எழுந்துவிட்டான். நான்தான் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். மேடையில் டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய பலகை. முதல்வர் பெயர், துறைத் தலைவர் பெயர், டீச்சரம்மா பெயர், பெட்டி செய்த தச்சர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டீச்சரம்மா வீட்டுக்கே வந்தார். துறைத் தலைவரிடம் பேசிப் பார்த்தாராம். "அது தப்பா வெட்டினது, தப்பா வெட்டினதுக்குப் போர்டுல எப்படிப் பேரு போடுறதுன்னு கேக்காங்க அண்ணாச்சி" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எண்ணுக்கு முன்னால் நிற்கத் தெரிந்தவர் அவர்.

கல்லூரியில் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கீழ் வரிசை டீச்சரம்மாவுடையது. அந்த எட்டு வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூட வேண்டாம், அதை வெட்டியது நான் என்றாலும் வேண்டாம். மேல் வரிசை என்னுடையது. முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, ஐம்பத்து நான்கு, அறுபது: இந்த ஆறையும் போட்டவன் நான். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னவன் நான். தப்பாக வெட்டியவன் என்றே எழுதுங்கள், அதில் எனக்கு வெட்கமில்லை. என் பெயர் உங்களுக்குத் தெரியும், அழைப்பிதழ் உறைமேல் பிழையில்லாமல் எழுதியிருந்தீர்கள். பலகையில் தச்சர் பெயருக்குக் கீழே நான்கு விரல் இடம் காலியாக இருக்கிறது. நான் அளந்துவிட்டுத்தான் வந்தேன். அதில் எழுதுங்கள்.